சத்தம் கூடினால் வேகம் கூடுமா? "சைலன்சர்" மாற்றப் போன வாலிபருக்கு புதுப்பேட்டையில் கிடைத்த பாடம்!

இரவு மணி 11. தெருவில் சந்தடி அடங்கிவிட்டது. கடைக்காரர்கள் கதவை இழுத்துப் பூட்டிவிட்டு, அப்போதுதான் சாப்பிட்டுப் படுத்தார்கள்.

"பட்... பட்... படார்!"

தொட்டிலில் கிடந்த குழந்தை வீறிட்டு அழுதது. நாய்கள் குரைத்தன. "என்னய்யா, டிரான்ஸ்பார்மர் வெடிச்சுடுச்சா?" என்று கேட்டபடி ஆட்கள் வாசலுக்கு ஓடி வந்தார்கள்.

டிரான்ஸ்பார்மரும் வெடிக்கவில்லை, குண்டும் வெடிக்கவில்லை. ஒரு கார் போயிற்று. அவ்வளவுதான்!

காருக்கும், மோட்டார் சைக்கிளுக்கும் கம்பெனி போட்டுக் கொடுத்த சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு, வெளியில் விற்கும் "ஸ்போர்ட்ஸ்" சைலன்சரை மாட்டிக்கொள்ளும் மோகம் வாலிபர்களைப் பிடித்து ஆட்டுகிறது. இதனால் வண்டிக்கு உண்மையிலேயே வேகம் கூடுகிறதா? கூடும் என்றால் எதை வாங்க வேண்டும்? சட்டம் என்ன சொல்கிறது?

இதையெல்லாம் தெரிந்துகொள்ள ஒரு வாய்ப்பு தானாகவே நம் வாசலுக்கு வந்தது.

2 கதவு கார்

எங்கள் தெருவில் ஒரு வாலிபர். வயது 27. ஒரு கம்பெனியில் சர்வீஸ் என்ஜினீயர். தினமும் கம்பெனி வண்டியில் நாலு ஊர் சுற்றினால்தான் அவருக்கு வேலை. அதாவது, லைசென்சு இருந்தால்தான் சம்பளம்.

அவருக்கு கார் பைத்தியம். ஆசைப்பட்டு, செகண்ட் ஹேண்டில் ஒரு "ஆடி டி.டி." வாங்கிவிட்டார். 2 கதவு. தரையோடு தரையாக தாழ்ந்து நிற்கும். 4 சிலிண்டர் பெட்ரோல் என்ஜின், டர்போ வைத்தது.

பாதிப் பணம் வங்கிக் கடன். மீதி, ஓய்வு பெற்ற குமாஸ்தாவான அவருடைய அப்பாவின் சேமிப்பு. அதனால் வண்டி அப்பா பெயரில்தான் பதிவாகி இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது!

ஒரு சனிக்கிழமை காலை அந்த வாலிபர் நம்மிடம் வந்தார். "அண்ணே, வண்டி சத்தமே இல்லாம போவுது. ஸ்போர்ட்ஸ் கார்னு யாரும் திரும்பிப் பாக்க மாட்டேங்கறாங்க. சைலன்சர் மாத்தப் போறேன். பேரம் பேச நீங்களும் வாங்க" என்றார்.

கிளம்பினோம்.

புதுப்பேட்டையில்

சென்னையில் வண்டிச் சாமான் என்றால் 2 இடங்கள் பெயர் பெற்றவை. புதுச் சாமானுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. பழைய சாமானுக்கு புதுப்பேட்டை. நாங்கள் போனது புதுப்பேட்டையில் ஒரு சந்து. அங்கே ஒரு பெரியவர். காரின் அடிவயிற்றைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்த மெக்கானிக். எல்லோரும் "பாய்" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

வாலிபர் விஷயத்தைச் சொன்னார். செல்போனில் 3 வகை சைலன்சர் படங்களையும் காட்டினார். "இதுல எது பாய் நல்லது?"

பெரியவர் படத்தைப் பார்க்கவே இல்லை. "தம்பி, மொதல்ல ஒண்ணு சொல்லு. உனக்கு சத்தம் வேணுமா, சக்தி வேணுமா?" என்றார்.

"ரெண்டும்தான் பாய். சத்தம் வந்தா சக்தி வந்த மாதிரிதானே?"

பெரியவர் சிரித்தார். "அங்கதான் எல்லாரும் ஏமாறுறாங்க" என்றபடி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பாடம் ஆரம்பமாகியது.

புகை போகும் வழி

அவர் விளக்கியதன் சாரம் இதுதான்:-

என்ஜினுக்குள் பெட்ரோலும் காற்றும் வெடித்து எரிகின்றன. 4 சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 3 ஆயிரம் சுற்று சுற்றினால், வினாடிக்கு 100 வெடிப்பு நடக்கிறது. பல நூறு டிகிரி சூட்டில் புகை பாய்ந்து வெளியே வருகிறது.

அந்தப் புகை முதலில் "மேனிபோல்டு" என்ற கிளைக் குழாயில் சேருகிறது. டர்போ வண்டியில், அங்கிருந்து டர்போவின் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு வருகிறது. அடுத்து "கேட்டலிடிக் கன்வெர்ட்டர்" என்ற புகை சுத்திகரிக்கும் டப்பா. பிறகு நடுக்குழாய். கடைசியில் வண்டியின் பின்பக்கம் தொங்கும் பெரிய டப்பா. இதைத்தான் நாம் சைலன்சர் என்கிறோம்.

சைலன்சருக்குள் அறை அறையாகத் தடுத்திருக்கும். ஒலி அலைகள் அந்த அறைகளில் மோதித் திரும்பி, ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு அடங்குகின்றன. அமெரிக்காவில் 1897-ம் ஆண்டிலேயே ரீவ்ஸ் சகோதரர்கள் இதற்கு காப்புரிமை வாங்கிவிட்டார்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சரக்கு இது!

மாம்பலம் படிக்கட்டு

கடையில் விற்கும் மாற்றுச் சாமான்கள் 3 வகை. பின் டப்பாவை மட்டும் மாற்றுவது ஒன்று. கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள குழாய் முழுவதையும் மாற்றுவது இரண்டாவது. டர்போவில் இருந்தே தொடங்கி, கன்வெர்ட்டர் இருக்கும் "டவுன் பைப்"பையும் சேர்த்து மாற்றுவது மூன்றாவது.

"பின் டப்பாவை மட்டும் மாத்தினா எவ்வளவு பாய் சக்தி கூடும்?" என்றார் வாலிபர்.

"மாம்பலம் ஸ்டேஷன்ல சாயங்காலம் எறங்கி இருக்கியா? கூட்டம் எங்க நெருக்குது?"

"படிக்கட்டுல."

"அப்போ ரங்கநாதன் தெருவோட அந்தக் கோடியை அகலப்படுத்தினா படிக்கட்டு நெரிசல் தீருமா?"

வாலிபர் பேசவில்லை.

விஷயம் அதுதான். டர்போ வண்டியில் புகைக்கு பெரிய தடை டர்போவிலும், கன்வெர்ட்டரிலும் இருக்கிறது. பின்னால் தொங்கும் டப்பாவை மாற்றினால் காது கிழியும். ஆனால் சக்தி கூடுவது பெயருக்குத்தான். தினசரி ஓட்டத்தில் அது தெரியவே தெரியாது.

டவுன் பைப்பை மாற்றினால் ஓரளவு சக்தி கூடும் என்பது உண்மை. அதற்கும் என்ஜினை ஆட்டுவிக்கும் கம்ப்யூட்டரின் கணக்கைத் திருத்த வேண்டும். அங்கேதான் அடுத்த வம்பு காத்திருக்கிறது.

தேன்கூடு

கன்வெர்ட்டர் டப்பாவுக்குள் பீங்கானால் ஆன தேன்கூடு இருக்கிறது. ஒரு சதுர அங்குலத்தில் சுமார் 400 கண்கள். அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலை உயர்ந்த உலோகங்களைப் பூசி இருக்கிறார்கள். என்ஜினில் இருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு, எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடு ஆகியவற்றை இது பெருமளவுக்கு மாற்றி, கரியமில வாயு, நீராவி, நைட்ரஜன் என்று வெளியே விடுகிறது.

சென்னை உள்பட 4 பெரு நகரங்களில் 1995-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயம் ஆக்கப்பட்டது. காரீயம் கலந்த பெட்ரோல் இந்தத் தேன்கூட்டைக் கெடுத்துவிடும் என்பதால், காரீயம் இல்லாத பெட்ரோலும் அப்போதுதான் வந்தது.

"ஸ்போர்ட்ஸ்" வகையில் 200 கண் வைத்த கன்வெர்ட்டர் விற்கிறார்கள். காற்று தாராளமாகப் போகும். ஆனால் சுத்தம் செய்யும் பரப்பு குறையும். சிலர் தேன்கூட்டையே உடைத்துக் கொட்டிவிட்டு, வெறும் குழாயாக விடுகிறார்கள். இது மகா பாவம் என்கிறார் பெரியவர். "முன்னால போறவனுக்கு அந்தப் புகை இல்லை தம்பி. பின்னால ஸ்கூட்டர்ல கொழந்தைய வெச்சிக்கினு வர்றவனுக்குத்தான்!"

வண்டியும் சும்மா இருக்காது. கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் ஆக்சிஜனை அளக்கும் "சென்சார்" உண்டு. தேன்கூடு வேலை செய்யவில்லை என்றால், டாஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும்.

கால் எடுத்ததும் "பட பட" என்று வெடிக்கிறதே, அது என்ன? சூடான குழாயில் பெட்ரோல் வீணாக எரிகிற சத்தம். வேண்டும் என்றே அப்படி வெடிக்கும்படி கம்ப்யூட்டரைத் திருத்துகிறார்கள். அதிகம் வெடித்தால் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். காசைக் கொளுத்தி வேடிக்கை பார்க்கிற கதை!

குழாய் பெருத்தால்?

"பெரிய குழாயா போட்டா நல்லதுதானே?" என்பது பலருடைய நினைப்பு. அதுவும் கணக்குப் பார்த்துச் செய்ய வேண்டியது.

டர்போ இல்லாத சாதாரண என்ஜினில், வெளியேறும் புகையின் வேகமே அடுத்து வரும் புகையை இழுத்துக்கொண்டு போகிறது. குழாய் அளவுக்கு மீறிப் பெருத்தால் அந்த வேகம் தளர்ந்துவிடும். விளைவு? சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டிக்கு இழுவை குறையும். மவுண்ட் ரோட்டில் சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிற நமக்கு அந்த இழுவைதானே முக்கியம்!

குழாயை வளைத்திருக்கும் விதத்தையும் பார்க்க வேண்டும். நல்ல குழாய் வளைவிலும் ஒரே அளவு வட்டமாக இருக்கும். மட்டமான குழாய் வளைவில் நசுங்கி, சுருக்கம் விழுந்து இருக்கும். கண்ணால் பார்த்தாலே தெரியும்.

காந்தம் வைத்துப் பாருங்கள்!

கடைக்காரர் "304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சார், கடல் காத்துக்கும் துருப் பிடிக்காது" என்பார். சட்டைப்பையில் ஒரு சின்ன காந்தம் கொண்டுபோங்கள். குரோமியமும் நிக்கலும் கலந்த 304 ரகத்தில் காந்தம் ஒட்டாது. வளைத்த இடத்தில் மட்டும் லேசாக இழுக்கலாம். பச்சக் என்று பிடித்துக்கொண்டால் அது 304 அல்ல.

காந்தம் ஒட்டுவதெல்லாம் மட்டம் என்றும் நினைத்துவிடக் கூடாது. கார் கம்பெனிகளே பயன்படுத்தும் 409 ரகத்தில் காந்தம் ஒட்டும். மேலாகத் துரு படிந்தாலும் பல வருஷம் உழைக்கும். ஆனால் 409-க்கு 304 விலை கொடுக்க வேண்டியதில்லை, அல்லவா?

டைட்டானியம் என்றும் விற்கிறார்கள். எஃகின் எடையில் சுமார் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் இருக்கும். விலையோ யானை விலை! பந்தயக்காரருக்குச் சரி. ஆபீஸ் போகிறவருக்கு எதற்கு?

சில சைலன்சர்களில் ஓட்டை போட்ட குழாயைச் சுற்றி கண்ணாடிப் பஞ்சு திணித்திருப்பார்கள். அந்தப் பஞ்சு நாளாவட்டத்தில் கருகிப் போய்விடும். வாங்கிய அன்று இருந்த சத்தம் வேறு, 2 வருஷம் கழித்து வருகிற சத்தம் வேறு!

மண்டைக்குள் "ம்ம்ம்..."

இன்னொரு தொல்லையை யாரும் கடையில் சொல்வதில்லை. புறவழிச் சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது, காருக்குள் "ம்ம்ம்" என்று ஒரே சீராக ஓர் உறுமல் சூழ்ந்துகொள்ளும். 4 சிலிண்டர் என்ஜின் 2,400 சுற்றில் ஓடினால் வினாடிக்கு 80 வெடிப்பு. அந்தக் கனத்த ஒலி கார் கூண்டுக்குள் எதிரொலித்து மண்டையைக் குடையும்.

கடை வாசலில் ஆக்சிலேட்டரை மிதித்து "வ்ரூம்" காட்டினால் இது தெரியாது. திண்டிவனம் வரை போய்ப் பார்த்தால்தான் தெரியும். தலைவலித் தைலத்தோடு திரும்ப வேண்டியதுதான்!

சட்டம் என்ன சொல்கிறது?

இதுவரை சிரித்துக்கொண்டே கேட்ட வாலிபருக்கு, அடுத்து வந்த விஷயத்தில் முகம் மாறியது.

பயணிகள் காரில் இருந்து வரும் சத்தத்துக்கு, 2005-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் தயாரான வண்டிகளுக்கு 74 டெசிபல் என்று வரம்பு வைக்கப்பட்டது. 175 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு 80 டெசிபல். கம்பெனி வண்டியைச் சோதனைக்கு ஓட்டிக்காட்டும்போது, ஏழரை மீட்டர் தள்ளி கருவி வைத்து அளக்கிறார்கள்.

டெசிபல் கணக்கு சாதாரண கணக்கு அல்ல. 10 டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு. 20 ஏறினால் 100 மடங்கு! "சும்மா கொஞ்சம்தான் கூடியிருக்கு" என்ற பேச்சுக்கே இடமில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரம், கம்பெனி வடிவமைத்ததற்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ம் ஆண்டு ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்து தீர்ப்புக் கூறியது.

அதே ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி தண்டனைகளும் கடுமையாகிவிட்டன. அனுமதி இல்லாத சாமான் பொருத்தி வண்டியை மாற்றும் சொந்தக்காரருக்கு 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும்.

சத்தம், புகை வரம்பை மீறி பொது இடத்தில் ஓட்டினால், முதல் தடவையே 3 மாதம் வரை ஜெயில், அல்லது ரூ.10 ஆயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். அதோடு 3 மாதத்துக்கு லைசென்சு தகுதியும் போய்விடும். ஓட்டுகிறவர் மட்டுமல்ல, ஓட்ட விடுகிறவரும் இதில் மாட்டுவார்!

புகைச் சான்றிதழ் இருக்கிறதே என்று சொல்லித் தப்ப முடியாது. அந்தச் சோதனையில் புகையைத்தான் அளக்கிறார்கள். சத்தத்தை அளப்பதில்லை.

"வண்டி யார் பேர்ல இருக்கு தம்பி?" என்று பெரியவர் கேட்டார்.

வாலிபர் மெல்லச் சொன்னார்: "அப்பா பேர்ல."

"உன் வேலை?"

"தினம் வண்டி ஓட்டணும் பாய்."

"அப்போ கேஸ் வந்தா அப்பா படி ஏறணும். லைசென்சு போனா 3 மாசம் நீ வீட்ல குந்தணும். பின் டப்பா ஒண்ணுக்கு இவ்வளவு வெலையா?"

வாலிபர் வாயடைத்துப் போனார்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் வண்டியை மாற்றினால், விபத்து நேரத்தில் இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரும். கம்பெனி வாரண்டிக்கும் அதே கதிதான். பல நகரங்களில் போலீசார் இந்தச் சைலன்சர்களைப் பறிமுதல் செய்து, சாலையில் வரிசையாக அடுக்கி, ரோடு ரோலர் ஏற்றி நசுக்கிய காட்சியைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

ஆஸ்பத்திரி பக்கம்

சத்தம் பற்றி 2000-ம் ஆண்டு வந்த மத்திய அரசு விதிகளும் இருக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் இருக்கலாம். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டு ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலம். அங்கே பகலில் 50, இரவில் 40.

புதுப்பேட்டையில் இருந்து எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றும் அதிக தூரமில்லை. மாட்டிய சைலன்சரைச் சோதித்துப் பார்க்க ஒரு வாலிபர் அந்தப் பக்கம் ஒரு "ரவுண்டு" போனால் என்ன ஆகும்? உள்ளே படுத்திருக்கும் பச்சிளம் குழந்தைகளை நினைத்துப் பாருங்கள்.

"சத்தம் கேட்டே ஆவணும்னா அதுக்குன்னு எடம் இருக்கு" என்றார் பெரியவர். "சின்ன வயசுல சோழவரம் ஏரோடிராம்ல ரேஸ் பாக்கப் போவோம். இப்ப இருங்காட்டுக்கோட்டையில இருக்கு. அங்க போய்க் கேளு. யார் வேணாம்னா?"

அப்போ எதைத்தான் வாங்குவது?

சைலன்சர் மாற்ற வேண்டிய நிலை வந்தால், கடையில் இந்த 5 கேள்விகளைக் கேட்கச் சொல்கிறார் பெரியவர்:-

1. இது என் வண்டி மாடலுக்கு, கம்பெனி அளவுப்படி செய்ததா? அல்லது வெட்டி ஒட்டி மாட்டப் போகிறீர்களா?

2. கன்வெர்ட்டரையும், சென்சார்களையும் தொடாமல் மாட்ட முடியுமா? முடியாது என்றால் நடையைக் கட்டுங்கள்.

3. சத்தம் சட்ட வரம்புக்குள் இருக்கிறது என்பதற்கு எழுத்தில் அத்தாட்சி உண்டா? மூடித் திறக்கும் "வால்வு" வைத்த சைலன்சர் என்றால், திறந்திருக்கும்போது வருகிற சத்தம்தான் கணக்கு.

4. என்ன உலோகம்? பில்லில் எழுதித் தருவீர்களா? (காந்தம் கையில் இருக்கட்டும்!)

5. குழாய் எவ்வளவு தாழ்வாகத் தொங்கும்? நம் ஊர் வேகத்தடையில் இடிக்காதா?

இந்த 5-க்கும் நேரான பதில் இல்லை என்றால், கம்பெனி சைலன்சரே உத்தமம். மோட்டார் சைக்கிள்காரர்களுக்கும் இதே கேள்விகள்தான்.

அடியில் பார்த்தால்...

வந்ததற்கு வண்டியை ஒரு முறை தூக்கிப் பார்த்துவிடலாம் என்றார் பெரியவர். பார்த்தார். பின் டப்பாவின் ஓரத் தையல் துருப் பிடித்து விட்டிருந்தது. விரல் நுழையும் ஓட்டை!

"டயர் எப்ப மாத்தினே?"

"வாங்கினப்ப இருந்ததுதான் பாய்."

பெரியவர் டயரைத் தடவிக் காட்டினார். பட்டன் தேய்ந்து வழுக்கையாகி இருந்தது. "வேகமா போற வண்டிக்கு நிக்கத் தெரியணும் தம்பி. மொதல்ல டயரு, பிரேக்கு. அப்புறம்தான் மத்ததெல்லாம்" என்றார்.

வாலிபர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு செல்போனில் இருந்த 3 படங்களையும் அழித்தார். கம்பெனி அளவிலேயே பின் டப்பா ஒன்று, 4 டயர், பிரேக் கட்டை. அவ்வளவுக்கும் ஆர்டர் கொடுத்துவிட்டு வந்தோம். பேரம் பேச நமக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது!

வேலை முடிந்து வண்டி வந்த அன்று, அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் ஒரு சுற்று போய் வந்தார் அந்த வாலிபர். திரும்பி வந்தபோது இரவு மணி 11.

கார் தெருவுக்குள் நுழைந்தது. வீட்டு வாசலில் நின்றது. கதவு சாத்திய சத்தம்தான் கேட்டது.

தொட்டிலில் குழந்தை புரண்டுகூடப் படுக்கவில்லை.